தியரிக்கு லெக்சர் ஹாலா, செல்போன் திரையா? டெல்டா மருத்துவ மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"சார், தியரி கிளாஸுக்கு வராம ரூம்லயே ஆப்ல படிச்சா போதாதா?" மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி என்று எந்த ஊர் மாணவர்களோடு பேசினாலும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. பெற்றோர் இதையே வேறு மாதிரி கேட்பார்கள்: "பையன் ஆன்லைன் கோர்ஸுக்குன்னு பெரிய தொகை கேக்குறான், கட்டலாமா?" சக ஆசிரியர்களுக்கு எந்தப் பாடத்தை இணையத்துக்கு மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்ற குழப்பம் இருக்கிறது.

மூன்று பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பொது மருத்துவத் துறையில் இருப்பவன். வார்டு பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு என்பதைப் படிக்கும்போது கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

## தகராறு எவ்வளவு நேரத்தைப் பற்றி?

2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் அடிப்படையிலான முறைக்கு மாறியது. அதன்படி, லெக்சர் என்பது மொத்தக் கற்பித்தல் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மீதி இரண்டு பங்கும் செய்முறை, சிறு குழு வகுப்பு, வார்டு போஸ்டிங், கலந்துரையாடல் என்று போக வேண்டும். ஆக, 'ஆன்லைனா, வகுப்பறையா' என்ற வாதமே அந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றியதுதான். உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன் ஹாலையும் வார்டையும் யாரும் செல்போனுக்குள் கொண்டுவந்துவிட முடியாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

இன்னொன்று, வருகைப்பதிவு. தேர்வு எழுத வேண்டுமானால் தியரியில் 75 சதவீதம், செய்முறையிலும் வார்டிலும் 80 சதவீதம் வேண்டும். 'வகுப்புக்கே போகாமல்' என்ற வழி விதிப்படியே கிடையாது. அதனால் கேள்வியைச் சரியாகக் கேட்டால் இப்படி வரும்: ஒரு பாடத்தை முதன்முதலில் எங்கே கற்பது, எங்கே திருப்பிப் படிப்பது, மாலை நேரத்தையும் காசையும் எதில் போடுவது?

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், கற்றது எந்தப் படி வரை ஏறுகிறது என்பது. ஜார்ஜ் மில்லர் 1990-ல் மருத்துவக் கல்விக்கு நான்கு படிகளைச் சொன்னார். ஒரு விஷயம் தெரியும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியும். செய்து காட்ட முடியும். அன்றாட வேலையில் செய்கிறார். உலகம் முழுக்க மருத்துவ ஆசிரியர்கள் இன்னும் இதை வைத்துத்தான் பேசுகிறார்கள். ஒரு வழி முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறதா, மூன்றாவதைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு வாரம் கழித்து எவ்வளவு மிஞ்சும் என்பது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். கேட்கும்போது புரிந்த மாதிரி இருப்பது வேறு, நினைவில் தங்குவது வேறு.

அப்புறம் சந்தேகம் கேட்க முடிகிறதா, வேகமும் மொழியும் நமக்கு ஒத்துவருகிறதா, நாம் எழுதப்போகும் தேர்வுக்கு அது உதவுகிறதா என்பவை. இந்தத் தேர்வு விஷயத்தில் கவனம் தேவை. பல்கலைக்கழகத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், ஒரு நோயாளியை முழுதாக விசாரித்துப் பரிசோதித்து, கண்டதைத் தேர்வாளரிடம் விளக்கும் லாங் கேஸ் சொல்ல வேண்டும், வைவாவில் வாய் திறந்து பேச வேண்டும். மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யோ 200 கேள்வி, நான்கில் ஒரு விடை, சரியென்றால் 4 மதிப்பெண், தப்பென்றால் 1 கழியும். இரண்டுக்கும் தேவைப்படும் பயிற்சி ஒன்றல்ல.

கடைசியாகச் செலவு. காசு மட்டுமல்ல, தூக்கம், கண், வீட்டுச் சூழல், கரண்ட், சிக்னல் எல்லாம் இதில் சேரும்.

## கல்லூரி வகுப்பு

150 பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் லெக்சரை நான் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. ஸ்லைடை அப்படியே வாசிக்கிற வகுப்பில் மாணவன் உட்கார்ந்து பெறுவது வருகைப்பதிவு மட்டும்தான். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஃப்ரீமேனும் குழுவினரும் ஒரு முடிவு சொன்னார்கள்: ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்பில், மாணவர்களைப் பங்கெடுக்க வைக்கும் வகுப்பைவிடத் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. அது மருத்துவத்தை மட்டும் பார்த்த தொகுப்பல்ல. ஆனாலும் நம் ஹால்களுக்குள் எட்டிப் பார்க்கிற யாருக்கும் அது ஆச்சரியம் தராது.

ஆனால் நல்ல வகுப்பில் நடக்கிற ஒன்று திரையில் நடக்காது. ஆசிரியருக்கு முகங்கள் தெரியும். ஆசிட்-பேஸ் (இரத்தத்தின் அமில-காரச் சமநிலை) நடத்தும்போது நான்காவது வரிசையில் பேனா நின்றுவிட்டதைப் பார்த்ததும், நல்ல ஆசிரியர் சட்டென்று தமிழுக்கு மாறி இன்னொரு முறை சொல்வார். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்த மாணவிக்கு முதல் ஆறு மாதத்தில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, குடும்பத்தில் முதல் ஆளாக உயர்படிப்புக்குள் வருகிற பிள்ளைகள் நம் வகுப்புகளில் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்து இருக்கை நண்பர்கள்கூடப் பாடத்தின் ஒரு பகுதிதான். யார் நோட்டைக் கேட்பது, எந்தப் புத்தகம் தேவை, எந்த வைவாவில் என்ன கேட்பார்கள் என்ற சேதியெல்லாம் ஹால் வாசலில்தான் கைமாறுகிறது.

உள்ளூர்ச் சரக்கும் இங்கேதான் கிடைக்கும். பூச்சிமருந்து விஷம், பாம்புக்கடி, எலிக்காய்ச்சல் ஆகிய மூன்றையும் டெல்டாவில் பாடம் எடுப்பவர் தன் வார்டு அனுபவத்திலிருந்து எடுப்பார். குறுவை நடவிலும் சம்பா அறுவடையிலும் வயலில் இறங்குகிறவர்கள் யார், அவர்கள் எந்த நேரத்தில் எந்த நிலையில் வந்து சேர்வார்கள் என்பது அகில இந்தியப் பாடத்தில் இருக்காது.

மறைந்திருக்கும் செலவு: கும்பகோணத்திலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ தினமும் பஸ்ஸில் வந்து போகிறவருக்குப் பயணத்திலேயே இரண்டு மூன்று மணி நேரம் கழிந்துவிடும். விடுதி கிடைத்தால் இடம் மாறிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. அப்புறம், தவறவிட்ட வகுப்பு தவறவிட்டதுதான், ரீவைண்ட் கிடையாது.

## நேரலை இணைய வகுப்பு

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டதும் நாம் எல்லோரும் தள்ளப்பட்ட வழி இது. அன்றைக்கு வேறு வழி இல்லை. இன்று இருக்கிறது. அதனால் முழுப் பாடத்தையும் நேரலையில் நடத்துவது வகுப்பறையின் குறையையும் திரையின் குறையையும் ஒன்றாக வாங்கிக்கொள்வது என்றே நினைக்கிறேன். குறித்த நேரத்தில் உட்கார வேண்டும், நிறுத்திக் கேட்க முடியாது, ஆசிரியருக்கு யார் முகமும் தெரியாது. கேமராவை அணைத்துவிட்டு 150 பெயர்கள் மட்டும் தெரியும் திரையைப் பார்த்து "புரிஞ்சுதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

வீட்டிலிருந்து கேட்கிறவர்கள் நிலையையும் சொல்ல வேண்டும். தனி அறை இல்லாத வீட்டில், கூடத்தில் உட்கார்ந்து பார்மகாலஜி கேட்கும் பெண்ணை அடுப்படியிலிருந்து கூப்பிடுவார்கள். அதே வீட்டில் பையனைக் கூப்பிட மாட்டார்கள். இணைய வகுப்பின் இந்தச் செலவை எந்த அட்டவணையிலும் எழுதுவதில்லை. பெற்றோர் இதைப் படித்தால், மகள் ஹெட்போன் மாட்டியிருக்கிற ஒரு மணி நேரம் அவள் கல்லூரியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் சில இடங்களில் நேரலைதான் சரி. நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 கல்லூரிகள் திறக்கப்பட்டன. அந்த மாதிரிப் புதிய கல்லூரியில் ஒரு துறையில் மூத்தவர்கள் குறைவாக இருந்தால், தஞ்சாவூரிலோ சென்னையிலோ இருக்கும் ஒரு பேராசிரியர் மாதம் இரண்டு முறை மாலையில் கேஸ் விவாதம் நடத்தலாம். 20 பேர், கேமரா திறந்து, ஒரு எக்ஸ்ரே அல்லது ஒரு ஈ.சி.ஜி.யை வைத்து ஒரு மணி நேரம். இது நன்றாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். தேர்வுக்கு முந்தைய சந்தேக வகுப்புக்கும், மழை விடுமுறை நாட்களுக்கும் இதே கதைதான். குழு சிறியதாக இருந்தால் நேரலை பிழைக்கும், பெரிதானால் பிழைக்காது.

## பதிவு செய்த பாடங்களும் செயலிகளும்

உண்மையான போட்டி இங்கேதான். மாரோ, ப்ரெப்லேடர் போன்ற செயலிகள் விடுதி அறைகளுக்குள் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. யூட்யூபில் இலவசமாகக் கிடைப்பதும் ஏராளம். இவற்றை மட்டமாகப் பேசும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சில வேலைகளை இவை நம்மைவிட நன்றாகச் செய்கின்றன.

கருவியலை எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் ஒரு குழாயாகத் தொடங்கி வளைந்து மடங்கி நான்கு அறைகளாவதைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும், ஐந்து நிமிட அனிமேஷன் காட்டுவதைக் காட்ட முடியாது. இதய ஒலிகளும் அப்படியே. மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்ற இதய வால்வுச் சுருக்கத்தின் அந்தத் தாழ்ந்த உறுமலை வார்டில் கேட்க வேண்டுமானால், நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் பெல் பக்கத்தை லேசாக வைத்து, மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே காது கொடுக்க வேண்டும். பத்தாவது மாணவர் வைப்பதற்குள் அந்த அம்மா களைத்துப்போவார். பதிவு செய்த ஒலியை இரவில் ஹெட்போனில் நாற்பது முறை கேட்டுக் காதைப் பழக்கிக்கொண்டு, மறுநாள் வார்டுக்கு வந்தால் ஒரே தடவையில் பிடித்துவிடலாம். நோயாளிக்கும் தொந்தரவு குறைவு. இந்த வரிசையில் திரை முதலிலும் நோயாளி பிறகும் வருவதுதான் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

நிறுத்தி, பின்னால் போய், வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம் என்பதும் சின்ன விஷயமல்ல. ஆங்கில லெக்சர் ஓடுகிற வேகத்தில் எழுதவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் திணறுகிற முதலாம் ஆண்டு மாணவருக்கு, அதே பாடத்தை மாலையில் முக்கால் வேகத்தில் கேட்பது தன்னம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்கும். கேள்வி வங்கி அதைவிட மதிப்புள்ளது. மேலே சொன்ன 2006 ஆய்வு சொல்வதைத்தானே அது செய்ய வைக்கிறது: பார்க்காமல் நினைவுகூர்வது. சந்தா கட்டியவர்களுக்கு என் முதல் அறிவுரை, வீடியோவைக் குறையுங்கள், கேள்விகளைக் கூட்டுங்கள் என்பதுதான்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். இது கொஞ்சம் நீளும்.

சந்தாத் தொகை முதலில். சில திட்டங்களின் விலை, அரசு மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆண்டு கட்டுகிற கல்விக் கட்டணத்தைத் தாண்டும். இரண்டாம் ஆண்டிலேயே பல வருடத் திட்டம் வாங்கிவிட்டு, கடைசி வருடத்தில் புதிய பதிப்பு வந்துவிட்டது என்று மறுபடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விவசாய வருமானம் உள்ள வீட்டில் இந்தத் தொகை அறுவடைப் பணத்திலிருந்தோ நகைக் கடனிலிருந்தோ வருகிறது என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது.

அடுத்தது சேர்ந்துபோகும் பாக்கி. எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து நூற்றுக்கணக்கான மணி நேர வீடியோ. 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைத்தது மலையாகி, தேர்வுக்கு முந்தின மாதம் இரட்டை வேகத்தில் இரவு இரண்டு மணி வரை ஓட்டுகிறார்கள். காலையில் வார்டில் கண் சொருகுகிறது.

மூன்றாவது, புரிந்துவிட்ட மயக்கம். நன்றாகப் பேசும் ஆசிரியரை நல்ல படங்களோடு கேட்டால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வீடியோவை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகப் பிரச்சினை பற்றி அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுத முடிந்தால் சரி. முடியாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் பொழுதுபோக்காகத்தான் போயிருக்கிறது. இந்தச் செயலிகளின் இலக்கு பெரும்பாலும் நீட் பி.ஜி.; விடையைத் தேர்ந்தெடுக்கப் பழக்கும் அளவுக்கு விடையை எழுதப் பழக்குவதில்லை. கேள்வி வங்கியில் கெட்டிக்காரராக இருந்தும் பல்கலைக்கழகத் தியரியில் அரியர் வைக்கிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

மொழியும் உண்டு. சில செயலி ஆசிரியர்கள் நடுநடுவே இந்திக்குத் தாவுவார்கள். ஒரு நகைச்சுவை, ஒரு நினைவுக் குறிப்பு எல்லாம் அதிலேயே போய்விடும். வாங்குவதற்கு முன் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மூன்று வகுப்புகளைக் கேட்டுப் பாருங்கள்.

கரண்டும் சிக்னலும் டெல்டாவில் தனிக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் இணைப்பை நம்ப முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எந்தச் செயலி என்றாலும் பாடத்தை இறக்கிவைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்ட நோட்ஸும் பாடப்புத்தகமும் கையில் இருக்கட்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கல்லூரி வகுப்பு | நேரலை இணைய வகுப்பு | பதிவுப் பாடம், செயலி |
|---|---|---|---|
| எந்தப் படி வரை | இரண்டு. நல்ல சிறு குழுவில் மூன்றைத் தொடும் | இரண்டு | இரண்டு |
| ஒரு வாரம் கழித்து நினைவு | கேள்வி கேட்கும் ஆசிரியரைப் பொறுத்தது | குறைவு | வீடியோ மட்டும் என்றால் குறைவு. கேள்வி வங்கியோடு நல்லது |
| சந்தேகம் | அங்கேயே தீரும் | சிறு குழுவில் மட்டும் | உடனே தீராது |
| வேகமும் மொழியும் | தமிழ் உதவி உண்டு. நிறுத்த முடியாது | இரண்டும் சிரமம் | நிறுத்தலாம். தமிழ் இல்லை |
| பல்கலைக்கழகத் தேர்வு | நன்று | பரவாயில்லை | எழுதிப் பழகினால் மட்டும் |
| நீட் பி.ஜி. | அடித்தளம் மட்டும் | பரவாயில்லை | மிக நன்று |
| மறைந்த செலவு | பயணம், தவறினால் போச்சு | வீட்டுச் சூழல், சிக்னல் | சந்தா, பாக்கி, தூக்கம், வார்டு நேரம் |

அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் 'வார்டு நேரம்' என்று போட்டிருக்கிறேன். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான்.

## வார்டு நேரத்தில் கை வைக்காதீர்கள்

வருகைப்பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரவுண்ட்ஸ் பாதியில் நழுவி நூலகத்தில் செல்போனைத் திறக்கிறவர்களை எல்லாக் கல்லூரியிலும் பார்க்கலாம். 'வார்டுல சும்மா நிக்கிறதுக்கு ரெண்டு வீடியோ பாத்துடலாம்' என்பது அவர்கள் கணக்கு. சும்மா நிற்க வைத்தால் தப்பு எங்கள்மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கு தப்பு.

பாம்புக்கடியில் செய்கிற இருபது நிமிட இரத்த உறைதல் சோதனையை ஒரு வீடியோ மூன்று நிமிடத்தில் காட்டிவிடும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம், அசைக்காமல் இருபது நிமிடம், பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. கேட்கச் சுலபம். இரவு பதினொரு மணிக்குக் கண்ணாடி விரியன் கடித்தவரைக் கொண்டுவரும்போதுதான் மற்றதெல்லாம் தெரியும். கையில் கிடைத்தது பிளாஸ்டிக் குழாய். கண்ணாடிக் குழாயை யாரோ சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருக்கிறார்கள். அதில் நல்ல இரத்தமும் உறையாமல் போகலாம், விஷம் ஏறாதவருக்கு விஷம் ஏறியதாகக் காட்டலாம். பத்தாவது நிமிடத்தில் பதற்றத்தில் ஒருவர் குழாயை எடுத்து ஆட்டிப் பார்ப்பார். முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று நிம்மதியடைய முடியாது. மறுபடி செய்ய வேண்டும். கட்டுவிரியன் கடித்தவரோ பாம்பையே பார்த்திருக்க மாட்டார். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார், இமை தொங்கத் தொடங்கியிருக்கும், பல்தடம்கூடத் தெரியாது. அந்த இமையை ஒரு முறை நேரில் பார்த்த மாணவர் ஆயுளுக்கும் தவறவிட மாட்டார்.

பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் என்ற மாற்றுமருந்து கொடுக்கும்போது எப்போது போதும் என்று முடிவு செய்வது? நுரையீரல் ஒலி தெளிய வேண்டும், நாடித்துடிப்பு ஏற வேண்டும், கண்மணி புள்ளியாகச் சுருங்கியிருப்பது மாற வேண்டும், அக்குள் உலர வேண்டும் என்று பாடத்தில் வரும். அந்தக் கடைசி ஒன்றைப் படித்தவர்கள் எல்லோரும் நோயாளியின் அக்குளில் கை வைப்பதில்லை. என் யூனிட்டில் போஸ்டிங் வந்த ஒரு மாணவி, சொல்லாமலே ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் புறங்கையை அக்குளில் வைத்துப் பார்த்தாள். "இன்னும் ஈரம் இருக்கு சார்." பிறகு, "இப்ப காஞ்சிருக்கு." மில்லர் சொன்ன மூன்றாவது படி இதுதான். இதற்குச் சந்தா கிடையாது.

நோயாளி சொல்லும் கதையும் வார்டில்தான் மாறும். மாமியார் பக்கத்தில் நிற்கும்வரை 'தெரியாமல் குடித்துவிட்டாள்' என்பதுதான் கதை. அவர் டீ வாங்கக் கீழே போன பத்து நிமிடத்தில் வேறு கதை வரும். அந்தப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதை எந்தத் திரையிலிருந்தும் கற்றுக்கொள்ள முடியாது. மாணவர்கள் சில கிராமக் குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் சமூக மருத்துவத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் கிராமத்துக்குப் போகும் நாட்களையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். அவற்றைச் சுற்றுலா மாதிரி முடித்துவிடாதீர்கள்.

## யாருக்கு, எப்போது, எது?

முதலாம் ஆண்டு: சந்தா வேண்டாம். வகுப்பறை, டிசெக்ஷன் ஹால், பாடப்புத்தகம். கருவியலுக்கும் நரம்பு உடற்கூறியலுக்கும் இலவச வீடியோக்களே போதும். டிசெக்ஷன் டேபிளில் பின்வரிசையில் நின்று 'முப்பரிமாணச் செயலியில் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லாதீர்கள். செயலியில் நரம்பு மஞ்சள் நிறத்தில் தனியாகத் தெரியும். உடலில் அது கொழுப்புக்கும் இணைப்புத் திசுவுக்கும் நடுவே மறைந்திருக்கும், விரலால் விலக்கித்தான் தேட வேண்டும். வகுப்பின் ஆங்கிலம் ஓடுகிறது என்றால், அன்று நடந்த பாடத்தை மட்டும் அன்று மாலையே வீடியோவில் மெதுவாகக் கேளுங்கள். முன்னால் ஓடாதீர்கள்.

இரண்டாம் ஆண்டு: பதிவுப் பாடங்கள் அதிகம் கைகொடுப்பது இங்கேதான். நோய்க்குறியியல், மருந்தியல், நுண்ணுயிரியல் மூன்றிலும் நினைவில் வைக்க வேண்டியது மலைபோல் இருக்கும். கேள்வி வங்கி மட்டும் உள்ள மலிவான திட்டம் கிடைத்தால் அது போதும். வாரம் ஒரு நாள் வீடியோவே இல்லாமல் பழைய பல்கலைக்கழகக் கேள்விகளுக்குக் கையால் பதில் எழுதுங்கள்.

மூன்றாம் ஆண்டும் இறுதி ஆண்டும்: காலை வார்டு, மாலை அதே நோயைப் பற்றிய ஒரு சிறு வீடியோ, அதன் பிறகு இருபது கேள்வி. காலையில் பார்த்த கல்லீரல் சுருக்க நோயாளியின் முகத்தோடு மாலையில் படிப்பது தங்கும். சந்தா வாங்குவதானால் இந்தக் கட்டத்தில் வாங்குங்கள். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது வைவாவுக்கு நாலு பேர் சேர்ந்து வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். அதற்கு எந்தச் செயலியும் மாற்றில்லை.

ஹவுஸ் சர்ஜன் காலம் (இறுதித் தேர்வுக்குப் பிறகு மருத்துவமனையில் செய்யும் கட்டாயப் பயிற்சி): தியரியைப் பொறுத்தவரை இணையம்தான் வழி. டூட்டி நேரத்தில் வகுப்பறை ஏது? ஆனால் லேபர் வார்டு டூட்டியை நண்பனிடம் தள்ளிவிட்டு நீட் பி.ஜி.க்குப் படிக்கிறவர்கள், பிரசவம் பார்க்கத் தெரியாத மருத்துவராக ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் உட்கார நேரலாம். அங்கே இரவில் வருகிற பெண்ணுக்கு அவரை விட்டால் ஆள் இருக்காது.

ஆசிரியர்களுக்கு: மாறாத, படம் நிறைந்த, ஆண்டுதோறும் ஒரே மாதிரி சொல்லும் பகுதிகளைப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, தமிழ் கலந்து, நீங்களே பதிவு செய்து கொடுங்கள். நம் ஊர் ஆசிரியரின் தமிழ் விளக்கத்தோடு வரும் பதிவுகளுக்குத் தேவை நிறைய இருக்கிறது. மிச்சமாகும் வகுப்பு நேரத்தில் ஒரு கேஸை எழுதிப்போட்டு மாணவர்களைப் பேச விடுங்கள். ஆராய்ச்சி முறையியல், புள்ளியியல் போன்றவை முழுக்க இணையத்துக்கே போகலாம். பட்டமேற்படிப்பு மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்க வேண்டிய அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை, சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனம் இணையம் வழியாகத்தானே நடத்துகிறது! அங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் அதில் தொட வேண்டிய நோயாளி இல்லை.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்ப நினைக்கிறவர்கள், 'முதல் வருடம் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கலாம்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகளின்படி, குறைந்தது 54 மாதப் படிப்பும் அதன் பிறகு 12 மாதப் பயிற்சியும் அதே வெளிநாட்டு நிறுவனத்தில் முடித்திருக்க வேண்டும். கொரோனாவும் உக்ரைன் போரும் காரணமாகக் கடைசிக் கட்டத்தை இணையத்தில் முடிக்க நேர்ந்தவர்களுக்கு 2022-ல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். அதிலும், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வில் தேறிய பிறகு இங்கே ஓர் ஆண்டுக்குப் பதிலாக இரண்டு ஆண்டு பயிற்சி செய்ய வைத்தார்கள். சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மாதம் எந்த மருத்துவமனையில் நேரடி வகுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள்.